மடக்குக்குள் எத்தனை மாறிகள்?

நிரல் எழுதக் கற்றுக்கொடுப்பவர்கள் மாறியின் வரையெல்லையை, அதாவது மதிப்பை வைத்திருக்கும் ஒரு பெயர் நிரலில் எங்கிருந்து எங்கு வரை தெரியும் என்பதை, ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள்: அடைப்புக்குறிக்குள் பிறந்தது அடைப்புக்குறியோடு போய்விடும். மற்ற இடங்களில் இந்தச் சூத்திரம் ஓரளவு கைகொடுக்கும். மடக்கு என்று வந்தால் பாதி வழியிலேயே கைவிட்டுவிடும். மடக்கு என்பது அதே வரிகள் திரும்பத் திரும்ப ஓடும் இடம். அங்கே ஒரு மாறி எங்கிருந்து எங்கு வரை தெரியும் என்று கேட்டால் மட்டும் போதாது. பத்துச் சுற்று ஓடினால் மாறி ஒன்றா, பத்தா என்றும் கேட்க வேண்டும். நான் பார்த்த தகராறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்காமல் விட்டதால் வந்தவை.

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டிகளுக்கும் கடைகளுக்கும் கணக்கு நிரல் எழுதிக்கொடுப்பது என் பிழைப்பு. மாலையில் வீட்டு மாடியில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வந்து உட்காருவார்கள். அதனால் இந்த விவகாரத்தைப் பகலில் ஒரு முகமாகவும் மாலையில் இன்னொரு முகமாகவும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எளிய முகத்திலிருந்து தொடங்கலாம். பருவம் தொடங்கினால் சந்தூர், போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து மண்டிக்கு லோடு வரும். பெங்களூரா ரகம் பெரும்பாலும் மாங்கூழ் தொழிற்சாலைக்குப் போகும். ஒரு விவசாயி ஒரே நாளில் இரண்டு மூன்று முறை கொண்டுவந்து இறக்குவார். ஒவ்வொரு முறைக்கும் ஓர் எடைச் சீட்டு. மாலையில் ஆளுக்கு ஒரு பில். இதை நிரலாக எழுதினால் இப்படித்தான் வரும்:

ஒவ்வொரு விவசாயிக்கும்:
    மொத்தம் = 0
    ஒவ்வொரு சீட்டுக்கும்:
        மொத்தம் = மொத்தம் + எடை
    அச்சிடு(மொத்தம்)

பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன். பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும். அதன் பிறகு ஒருவரும் அப்படி எழுதுவதில்லை என்பது வேறு விஷயம்.

முதல் விவசாயிக்கு 820, 760 கிலோ என்று இரண்டு சீட்டுகள். அடுத்தவருக்கு 540, 610, 450 என்று மூன்று. மேலே உள்ளபடி எழுதினால் முதல்வருக்கு 1,580, இரண்டாமவருக்கு 1,600 என்று வரும், அதுதான் சரி. 'மொத்தம் = 0' என்ற வரியை இரண்டு மடக்குகளுக்கும் வெளியே தூக்கி வைத்தால் முதல்வருக்கு அதே 1,580. இரண்டாமவருக்கோ 3,180, முன்னவருடைய மாங்காயும் அவர் கணக்கில் ஏறிவிடும். அதே வரியை உள் மடக்குக்குள் தள்ளினால் முதல்வருக்கு 760, இரண்டாமவருக்கு 450. ஒவ்வொருவருக்கும் கடைசிச் சீட்டு மட்டும் மிஞ்சுகிறது. மூன்று இடங்களிலும் நிரல் பிசகாமல் ஓடும், ஒரு பிழைச் செய்தியும் வராது. சோதனைக்கு ஒரே விவசாயியையும் ஒரே சீட்டையும் கொடுத்துப் பார்த்தால் மூன்றுமே சரியான விடையைத் தரும். இப்படிச் சோதித்துவிட்டு "சரியாக வருகிறது" என்று எழுந்து போகிறவர்கள்தான் அதிகம்.

இதே கணக்கை சி மொழியில், மொத்தத்தை உள் மடக்குக்குள் அறிவித்து, தொடக்க மதிப்பு தராமல் விட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். மொழியின் விதிப்படி ஒவ்வொரு சுற்றிலும் அந்த மாறி புதிது. அதற்குள் என்ன இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நடைமுறையில், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஒவ்வொரு சுற்றிலும் அடுக்கு நினைவகத்தில் அதே இடத்தைத்தான் கொடுக்கும். அதனால் போன சுற்றின் எண் அங்கேயே கிடக்கும். கூட்டல் சரியாக நடப்பது போலத் தோன்றும். ஒருநாள் வேகத்துக்காகக் கம்பைலரின் உகப்பாக்கத்தைக் கூட்டி வைத்தால் கணக்கு தாறுமாறாகிவிடும். தவறாக எழுதியது தவறாகவே ஓடினால் பரவாயில்லை. பல மாதம் சரியாக ஓடிவிட்டுப் பிறகு குழப்புவதுதான் கொடுமை.

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் படித்து நாற்பதைத் தாண்டியவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எல்லா மாறிகளையும் செயற்கூறின் (பெயர் வைத்து அழைக்கும் நிரல் துண்டின்) தலையிலேயே வரிசையாக அறிவித்துவிடுவார்கள். இளையவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டியதில்லை, அதற்கு வரலாறு இருக்கிறது. 1989இல் வந்த சி தரநிலையில் அடைப்புக்குறி திறந்ததும் முதலில் அறிவிப்புகள், பிறகுதான் மற்ற வரிகள். மடக்கின் தலைப்பிலேயே சுற்றுகளை எண்ணும் 'ஐ' என்ற எண்ணியை அறிவிக்கும் வசதி சி மொழிக்கு 1999இல்தான் கிடைத்தது. சி++ அதற்கு முன்பே அனுமதித்தது. ஆனால் தொடக்க காலத்தில் அந்த 'ஐ' மடக்கு முடிந்த பிறகும் வெளியே உயிரோடு இருந்தது. 1998இல் வந்த தரநிலைதான் அதை மடக்கோடு நிறுத்தியது. நம் கல்லூரி ஆய்வகங்களில் வெகுகாலம் கோலோச்சிய நீலத்திரை டர்போ சி++ கம்பைலர் அந்தத் தரநிலைக்கு முந்தியது. ஒரே செயற்கூறில் இரண்டு மடக்குகள் எழுதி, இரண்டிலும் 'ஐ'யை அறிவித்தால் இரண்டாம் அறிவிப்பை ஏற்காது. ஒரே பெயரைப் பலமுறை அறிவித்திருக்கிறாய் என்று திட்டும். மறுபுறம், மடக்கு முடிந்த பின் 'ஐ'யைப் படிக்கும் நிரல் அங்கே சுகமாக ஓடும். ஜிசிசி என்ற இன்றைய கம்பைலருக்குக் கொண்டுபோனால் அங்கே திட்டு விழும். இரண்டு பக்கமும் அடிவாங்கியவர்கள், தலையிலேயே அறிவித்துவிட்டால் வம்பில்லை என்று முடிவெடுத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது நியாயமான முடிவு. இன்று அதே பழக்கத்தைத் தொடர்வதற்குக் காரணம் இல்லை.

பைத்தானில் கதையே வேறு. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் வரையெல்லைக்கென்று தனிப் பாடமே இருக்கிறது. உள்ளே, சுற்றியுள்ள செயற்கூறில், கோப்பு முழுவதற்கும், மொழியோடு பிறந்தவை என்று நான்கு அடுக்குகளில் பெயரைத் தேடும் விதியைப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறார்கள். அந்த நான்கில் மடக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். எங்கும் இல்லை. பைத்தானில் மடக்குக்குத் தனி வரையெல்லை கிடையாது. மடக்குக்குள் பிறந்த பெயர், அதைச் சுற்றியுள்ள செயற்கூறுக்குச் சொந்தம். மடக்கு முடிந்த பிறகும் கடைசி மதிப்போடு அங்கேயே இருக்கும்.

இதைச் சிலர் வசதி என்கிறார்கள். மடக்கு முடிந்ததும் 'சீட்டு' என்ற மாறியில் அன்றைய கடைசிச் சீட்டு இருக்கும், அதன் எண்ணை அச்சிட்டுக்கொள்ளலாம் என்பது அவர்கள் வாதம். ஒரு மாதத்தின் நாள்களை வெளி மடக்காகவும் சீட்டுகளை உள் மடக்காகவும் வைத்து இப்படி எழுதியதாகக் கொள்ளுங்கள். மாதத்தின் முதல் நாளே ஒரு லோடும் வரவில்லை என்றால் உள் மடக்கு ஒரு சுற்றுகூட ஓடாது. 'சீட்டு' என்ற பெயரே பிறந்திருக்காது. பைத்தான் பிழை என்று கத்தி நிற்கும். இது நல்ல முடிவு. பத்தாம் தேதி மழை பெய்து மண்டி காலியாகக் கிடந்தால் என்ன ஆகும்? ஒன்பதாம் தேதியின் கடைசிச் சீட்டு அப்படியே அதில் இருக்கும். பத்தாம் தேதிக் கணக்கில் அது அமைதியாக அச்சாகும். கத்துகிற நிரலைவிடக் கத்தாத நிரலுக்குத்தான் நான் பயப்படுவேன்.

பட்டியலை ஒரே வரியில் உருவாக்கும் சுருக்க வடிவத்தில் மட்டும் பைத்தான் தன் வழியை மாற்றிக்கொண்டது. பைத்தான் 2இல் அதன் மாறியும் வெளியே கசிந்தது. 2008இல் வந்த பைத்தான் 3 அதை அடைத்துவிட்டது. சாதாரண மடக்கின் கசிவு அப்படியே தொடர்கிறது.

கணினிக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஷெல்லில் நேரெதிர்க் கோளாறு. ஒரு கோப்பின் வரிகளைக் குழாய்க்குறி (|) வழியாக மடக்குக்கு அனுப்பி, உள்ளே எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போய், வெளியே வந்து அச்சிட்டால் பாஷ் என்ற ஷெல் சுழியம் காட்டும். குழாயின் அந்தப் பக்கம் ஓடியது வேறொரு துணை ஷெல். அதன் எண்ணிக்கை அதோடு போயிற்று. குழாயை விட்டுவிட்டு, கோப்பை மடக்கின் முடிவில் உள்ளீடாகக் கொடுத்தால் சரியாகிவிடும்.

இணையதளங்களுக்கு எழுதும் பிஎச்பி மொழியில் உள்ளதைப் போன்ற விஷமம் வேறெங்கும் இல்லை. 1, 2, 3 என்று ஒரு பட்டியல். மடக்கில் ஒவ்வொரு உறுப்பையும் மேற்கோளாக, அதாவது நகல் எடுக்காமல் அந்த அறையையே பிடித்தபடி, ஒரு மாறியில் வாங்குகிறோம். உள்ளே எதையும் மாற்றவில்லை. மடக்கு முடிகிறது; மாறி மூன்றாம் அறையைப் பிடித்தபடியே வெளியே நிற்கிறது. அடுத்து அதே பெயரில், இந்த முறை மேற்கோள் இல்லாமல், இரண்டாவது மடக்கு. முதல் சுற்றில் மாறிக்கு 1 போகிறது. மாறிதான் மூன்றாம் அறையாயிற்றே, அங்கே 1 விழுகிறது. இரண்டாம் சுற்றில் அங்கே 2. மூன்றாம் சுற்றில் மூன்றாம் அறையிலிருந்து எடுத்து மூன்றாம் அறையிலேயே வைக்கிறது: 2. பட்டியல் இப்போது 1, 2, 2. இரண்டு மடக்குகளிலும் பட்டியலை மாற்றும் வரி ஒன்றுகூட இல்லை! முதல் மடக்கு முடிந்ததும் அந்த மாறியை நீக்கிவிட வேண்டும் என்பது பரிகாரம். மாறி வெளியே கசியாமல் இருந்திருந்தால் பரிகாரமே தேவைப்பட்டிருக்காது.

இதுவரை சொன்னவை எல்லாம் எங்கு வரை தெரியும் என்ற முதல் கேள்வியைச் சேர்ந்தவை. இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

காரிமங்கலத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, தன் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பக்கம் செய்து கொண்டுவந்தாள். உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியல், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'கணக்கு' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் அவர் ஊற்றிய பாலின் லிட்டர் விவரம் வர வேண்டும்.

"அக்கா, பெயர் எல்லாம் சரியாக வருகிறது. யார் பொத்தானை அழுத்தினாலும் கடைசி ஆளின் கணக்குதான் திறக்கிறது" என்றாள்.

"பெயர் எப்போது எழுதப்பட்டது?"

"மடக்கு ஓடும்போது."

"பொத்தானை எப்போது அழுத்தினாய்?"

கொஞ்சம் யோசித்தாள். "மடக்கு முடிந்த பிறகு, அக்கா."

முடிச்சு அங்கேதான். பொத்தானோடு கட்டிவைத்த செயற்கூறு, உறுப்பினரின் மதிப்பை எடுத்து வைத்துக்கொள்வதில்லை, மாறியைப் பிடித்துக்கொள்கிறது. அவள் எழுதியிருந்த பழைய 'வார்' அறிவிப்பில், மடக்குக்குள் எழுதினாலும் மாறி செயற்கூறு முழுவதற்கும் ஒன்றே ஒன்றுதான். சங்கத்தில் ஒரே கரும்பலகையில் ஒருவர் பின் ஒருவராகப் பெயரை எழுதி அழித்துக்கொண்டே போய், ஒவ்வொருவரிடமும் "உங்கள் கணக்குக்குப் பலகையைப் பாருங்கள்" என்று சொன்னால் என்ன ஆகும்? பிறகு வந்து பார்ப்பவர் யாராக இருந்தாலும் கடைசிப் பெயரைத்தான் பார்ப்பார். ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

2015இல் ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்த 'லெட்' அறிவிப்பு அந்தச் சீட்டைத்தான் கொடுக்கிறது. அவள் நிரலில் 'வார்' என்ற ஒரு சொல்லை 'லெட்' ஆக்கினோம். ஒவ்வொரு பொத்தானும் தன் ஆளைக் கண்டுபிடித்துக்கொண்டது. அதற்கு முன் பல ஆண்டுகள் ஜாவாஸ்கிரிப்ட் எழுதியவர்கள், மடக்குக்குள் ஒரு செயற்கூறை எழுதி அங்கேயே அழைத்து, அதன் அளபுருவில் (செயற்கூறு மதிப்பை வாங்கும் பெயரில்) மதிப்பைப் பிடித்துவைக்கும் வித்தையைச் செய்துகொண்டிருந்தார்கள். 1995இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதிய மொழி அது. அந்தப் பத்து நாளுக்கு உலகம் கொடுத்த வட்டி கொஞ்சமல்ல.

பக்கம் சரியானதும் அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவாள் என்று நினைத்தேன். அவளோ இன்னொரு கேள்வி கேட்டாள்.

"அக்கா, 'ஐ'யையும் 'லெட்' என்றே அறிவித்திருக்கிறோம். சுற்றுக்குச் சுற்று புது 'ஐ' என்றால், போன சுற்றில் எந்த எண்ணில் இருந்தோம் என்பது புதியதற்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்வியைத் தொழிலில் பல ஆண்டுகள் இருப்பவர்களே கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு சுற்று முடிந்ததும் புதிய 'ஐ' ஒன்று உருவாகிறது. பழைய 'ஐ'யின் மதிப்பு அதில் நகலாகிறது. அதன் பிறகு, புதியதின் மேல்தான் ஒன்று கூட்டப்படுகிறது. பழைய 'ஐ' தன் சுற்றின் எண்ணோடு அப்படியே நின்றுவிடுகிறது. அதைப் பிடித்திருக்கும் பொத்தானுக்கு இனி எந்தக் குழப்பமும் இல்லை. எழுதுபவர் கண்ணுக்கு ஒரே 'ஐ' ஓடுவது போலத்தான் தெரியும். திரைக்குப் பின்னால் ஒரு வரிசையே நிற்கிறது.

கல்லூரிப் பிள்ளைகளின் பக்கத்தில் மட்டும் நடக்கும் கோளாறு என்று இதை நினைத்துவிடக் கூடாது. இணையதளங்களுக்கு இலவசமாகப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனம் 2020 பிப்ரவரி 29 அன்று தன் நிரலில் ஒரு வழுவைக் கண்டுபிடித்தது. ஒரு தளத்துக்கு யார் சான்றிதழ் வழங்கலாம் என்பதைத் தளத்தின் உரிமையாளர் ஒரு பதிவில் குறித்துவைக்கலாம். வழங்குமுன் அந்தப் பதிவைச் சரிபார்ப்பது வழங்குபவரின் கடமை. ஒரே விண்ணப்பத்தில் பல தளப்பெயர்கள் இருந்து, அவற்றை மறுபடி சரிபார்க்க நேர்ந்தபோது, கோ மொழியில் எழுதப்பட்ட அந்த நிரல் ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை பார்ப்பதற்குப் பதிலாக ஒரே பெயரை அத்தனை முறை பார்த்தது. காரணம், மடக்கு மாறியின் மதிப்பை எடுக்காமல் அதன் முகவரியை எடுத்துவைத்திருந்தது. எல்லா முகவரிகளும் ஒரே மாறியைக் காட்டின. பாதிக்கப்பட்ட சான்றிதழ்கள் 30,48,289. காரிமங்கலத்துப் பால் கணக்கில் நடந்ததும் இங்கே நடந்ததும் ஒரே பிழை.

கோ மொழியைப் பராமரிப்பவர்கள் கடைசியில் மொழியையே மாற்றினார்கள். 2024 பிப்ரவரியில் வந்த கோ 1.22இலிருந்து மடக்கு மாறி சுற்றுக்கு ஒன்று. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் திடீரென்று வேறு மாதிரி நடந்துகொள்ளக் கூடாது என்பதால், திட்டக் கோப்பில் 1.22 அல்லது அதற்கு மேல் என்று குறித்திருந்தால் மட்டுமே புது விதி. ஆகவே அச்சு அசலாக ஒரே வரிகளைக் கொண்ட மடக்கு இரண்டு திட்டங்களில் இரண்டு விதமாக ஓடக்கூடும். யாராவது கோ நிரலைக் காட்டி என்ன கோளாறு என்று கேட்டால், மடக்கைப் படிக்கும் முன் அந்தக் கோப்பைத்தான் முதலில் திறக்கிறேன்.

சி ஷார்ப் இதே திருத்தத்தை 2012இலேயே செய்தது. ஆனால் பட்டியலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும் மடக்குக்கு மட்டும். எண்ணியை வைத்து ஓட்டும் பழைய மடக்கைத் தொடவில்லை. அரைகுறை என்று தோன்றலாம், எனக்கு அது நியாயமாகவே படுகிறது. அங்கே எண்ணியைக் கூட்டுவதே நாம்தான். அது ஒரே மாறி என்று எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. ஜாவா போன வழி வேறு. 2014இல் ஜாவா 8 வந்தபோது, மதிப்பு மாறிக்கொண்டிருக்கும் மாறியை உள் செயற்கூறு பிடிக்கவே கூடாது என்று கம்பைலரிலேயே தடுத்துவிட்டது. எண்ணி 'ஐ'யைப் பிடித்தால் ஏற்காது. உறுப்புகளை எடுக்கும் மடக்கின் மாறியை ஏற்றுக்கொள்ளும். ஜாவாவின் பிடிவாதத்தைக் கேலி செய்பவர்கள் உண்டு. வாசலிலேயே நிறுத்திக் கேட்கும் காவலாளியை எனக்குப் பிடிக்கும்.

பைத்தான் அசையவில்லை. 0, 1, 2 என்று ஓடும் மூன்று சுற்றில், சுற்றின் எண்ணைத் திருப்பித் தரும் மூன்று செயற்கூறுகளை உருவாக்கிப் பட்டியலில் போட்டு, பிறகு அழைத்தால் 0, 1, 2 வராது. 2, 2, 2 வரும். அளபுருவுக்கு முன்னிருப்பு மதிப்பாக, அதாவது அழைப்பவர் எதுவும் தராவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பாக, மாறியைக் கொடுப்பது அங்கே வழக்கமான மருந்து. முன்னிருப்பு மதிப்பு, செயற்கூறு உருவாகும் அந்த நொடியிலேயே கணக்கிடப்பட்டுவிடும் என்பதால் வேலை நடக்கிறது. அந்த வரியைப் புதிதாகப் பார்ப்பவருக்குப் புரியாது. பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள்.

மாறியை எங்கே அறிவிப்பது என்று பிள்ளைகள் கேட்டால், அது எவ்வளவு உள்ளே இருக்க முடியுமோ அவ்வளவு உள்ளே என்பேன். உடனே ஒரு மறுப்பு வரும்: ஒவ்வொரு சுற்றிலும் அறிவித்தால் நேரம் வீணாகாதா? சாதாரண எண்ணுக்கு வீணாகாது. சி போன்ற மொழிகளில் அதற்கான இடம் பெரும்பாலும் செயற்கூறு தொடங்கும்போதே ஒதுக்கப்பட்டுவிடும். சுற்றுக்குச் சுற்று தனிச் செலவு கிடையாது. அறிவிப்போடு ஒரு வேலையும் நடந்தால்தான் செலவு. ஒரு மண்டியில் வேறு யாரோ எழுதிவைத்துவிட்டுப் போன நிரலைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். பில் அடிக்க இரவு ஒன்பது மணி தாண்டிவிடுகிறது, விவசாயிகள் கடைசி பஸ்ஸை விட்டுவிடுகிறார்கள் என்பது புகார். மடக்குக்குள், ஒவ்வொரு சீட்டுக்கும், தரவுத்தளத்தோடு இணைப்பைப் புதிதாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. இணைப்பை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, எடை, கமிஷன், இறக்குக்கூலி எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே உள்ளே விட்டுவிட்டேன். இப்போது லோடு இறக்கியவர் கை கால் கழுவிக்கொண்டு வருவதற்குள் பில் தயாராக இருக்கிறது. கமிஷன் தொகையைப் பற்றிய சண்டை மட்டும் முன்பு போலவே நடக்கிறது.